நரம்பு மின்கம்பியா? – ஓர் உவமையின் நிறையும் குறையும்

சென்ற பருவத்தில் ஒரு நாள், விலங்கியல் மாணவர்களுக்குத் துணைப்பாடமாகிய இயற்பியலில் மின்னோட்டப் பகுதியை நடத்திக் கொண்டிருந்தேன். பாடம் சற்று வறட்சியாகப் போய்க் கொண்டிருந்தது. மாணவர்களுக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு ஒன்றைச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும் என்று எண்ணி, "நம் உடலில் உள்ள நரம்புகளும் இத்தகைய மின்கம்பிகளே. மூளை மின்நிலையம், நரம்புகள் கம்பிகள், தசைகள் விளக்குகள்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "சார், உடம்பு முழுக்க உப்புநீர்தானே? உப்புநீரில் மின்சாரம் பாயும் என்று நேற்றுத்தான் சொன்னீர்கள். அப்படியானால் கம்பியில் போகிற மின்சாரம் வழியிலேயே கசிந்து போகாதா? கால் விரல் வரைக்கும் எப்படிப் போய்ச் சேரும்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நரம்புக்கு மேலே உறை இருக்கிறது" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது முழு விடை அன்று என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அன்று மாலை நூலகத்தில் கைக்குக் கிடைத்த பாடநூல்களையும் அறிவியல் கட்டுரைகளையும் புரட்டிப் பார்த்தேன். நான் சொன்ன உவமையே பல இடங்களிலும் இருந்தது. அதற்குத் துணையாக இன்னோர் உவமையும் இருந்தது: நரம்புச் செல்களைச் சூழ்ந்துள்ள கிளியல் செல்கள், செங்கற்களுக்கு இடையே பூசப்படும் சாந்து போன்றவை என்பது. இவ்விரண்டு உவமைகளும் எவ்வளவு தூரம் நமக்கு உதவுகின்றன, எங்கே நம்மைத் தவறான வழியில் இழுத்துச் செல்கின்றன என்று எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு உரைகற்கள்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். பேச்சு வழக்கில் புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது உண்மையில் சிரை, இரத்தக் குழாய். 'நரம்பு ஊசி' என்று சொல்வதும் சிரையில் போடப்படும் ஊசியைத்தான். பழந்தமிழிலோ நரம்பு என்றால் யாழின் தந்தியையும் குறிக்கும். நாம் இங்கே பேசப் போவது இவை எவற்றையும் அன்று. செய்தி சுமக்கும் செல்களின் நீண்ட இழைகளைப் பற்றி மட்டுமே.

உவமையை எடைபோடத் தமிழில் அளவுகோல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியத்தின் உவமவியல், உவமையின் தோற்றத்தை நான்கு வகையாகப் பகுக்கிறது: வினை, பயன், மெய், உரு. ஒரு பொருளின் செயல், அதனால் விளையும் பயன், அதன் வடிவம், அதன் நிறம் என்பவை அவை. அறிவியல் உவமைக்கும் இந்த நான்கு உரைகற்கள் போதும்.

மின்கம்பி உவமை மெய்யில் பொருந்துகிறது. நரம்புச் செல்லிலிருந்து புறப்படும் ஆக்சான் என்னும் இழை கம்பியைப் போலவே மெல்லியது, நீளமானது. முதுகுத் தண்டிலிருந்து பாதம் வரை செல்லும் ஓர் ஆக்சானின் நீளம் ஏறக்குறைய 1 மீட்டர். அதன் தடிமனோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. பயனிலும் பொருந்துகிறது. தந்திக் கம்பியைப் போலவே நரம்பும் ஓரிடத்துச் செய்தியை வேறோர் இடத்துக்குக் கொண்டு செல்கிறது. உருவைப் பற்றி, அதாவது நிறத்தைப் பற்றி, பின்னர் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. இடறல் முழுவதும் வினையில்தான்.

உவமை பிறந்த கதை

குறை சொல்லும் முன் நிறையைச் சொல்வதே முறை. இந்த உவமை வெறும் கற்பனையில் பிறந்தது அன்று. 17ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட், நரம்புகளைக் குழாய்கள் என்றும் அவற்றில் ஒருவகை நுண்பொருள் பாய்ந்து தசைகளை இயக்குகிறது என்றும் எழுதினார். அரண்மனைத் தோட்டங்களில் நீரின் விசையால் இயங்கிய பொம்மைகள் அவர் காலத்துப் புதுமை. 1791இல் இத்தாலியின் கால்வானி, தவளைக் கால் மின்சாரத்தால் துடிப்பதைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டதும் குழாய் உவமை வலுவிழந்தது. மின்சாரம் அதன் இடத்தைப் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் தந்தி வந்ததும் நரம்பு தந்திக் கம்பியாயிற்று. ஒவ்வொரு காலமும் தன் புதிய எந்திரத்தையே உடலுக்குள்ளும் கண்டது.

1850இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்தார். அதை அளக்கவே இயலாது என்பது அவருடைய ஆசிரியர் மியுல்லரின் கருத்தாக இருந்தது. விடை என்ன தெரியுமா? வினாடிக்கு 30 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஓடும் ரயிலின் வேகம்!

அதே ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான் நரம்புகளைத் தந்திக் கம்பிகளுக்கும் ஒப்பிட்டார் என்பது வியப்பாக இருக்கலாம். ஆனால் அவர் ஒப்பிட்ட காரணம் வேறு. எல்லாக் கம்பிகளிலும் ஓடுவது ஒரேவகை மின்சாரம்தான்; முனையில் மணியை இணைத்தால் ஒலிக்கும், வேறு கருவியை இணைத்தால் வேறு வேலை நடக்கும். அதுபோலக் கண் நரம்பிலும் காது நரம்பிலும் செல்லும் துடிப்பு ஒன்றே. அது போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தே ஒளியாகவோ ஒலியாகவோ உணரப்படுகிறது. இமையை மூடிக்கொண்டு கண்ணின் ஓரத்தை மெல்ல அழுத்தினால் இருட்டிலும் ஒளி வட்டம் தெரிகிறதல்லவா? அதற்கு விளக்கம் இதுவே. இந்த அளவில் உவமை உண்மையைக் காட்டியது. அது எல்லை தாண்டியபோதுதான் தொல்லை வந்தது.

வினையில் பொருந்துகிறதா?

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். ஆக்சானின் உள்ளே இருப்பது செம்பு அன்று. உப்புகள் கரைந்த நீர்மம். அதன் மின்தடை எண் ஏறத்தாழ 1 ஓம்-மீட்டர் என்று கொள்ளலாம். செம்போடு ஒப்பிட்டால் இது 5 கோடி மடங்குக்கும் மேல். 1 மைக்ரான் விட்டமுள்ள ஆக்சான் ஒன்றை எடுத்துக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) 1 சென்டிமீட்டர் நீளத்துக்கே அதன் மின்தடை ஏறக்குறைய 1000 கோடி ஓம்! அதே அளவுள்ள செப்பு இழைக்கு ஏறக்குறைய 200 ஓம்தான்.

போதாக்குறைக்கு, இழையைச் சுற்றியுள்ள செல் சவ்வு ஓட்டைக் காப்பு, வெளியிலும் உப்புநீர். மணற்பாங்கான வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைமடைக்குப் போகாமல் வழியிலேயே உறிஞ்சப்படுவது போல, மெல்லிய ஆக்சானின் ஒரு முனையில் செலுத்தப்படும் மின்னழுத்தம் ஓரிரு மில்லிமீட்டருக்குள் பெரும்பகுதி கசிந்துவிடும். காலுக்கு இன்னும் 1 மீட்டர் இருக்கிறது. ஆகவே மாணவி சொன்னது முற்றும் சரி. நரம்பு வெறும் கம்பியாக மட்டும் இருந்திருந்தால் நாம் ஓர் அடி நடந்திருக்க முடியாது.

வேகத்தைப் பாருங்கள். மின்கம்பியில் ஒரு சைகை வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். மனித நரம்பில் மிகப்பெரிய வேகமே வினாடிக்கு 120 மீட்டர் அளவுதான். சில மெல்லிய இழைகளில் 1 மீட்டர் மட்டுமே. இதை வீட்டிலேயே உணரலாம். வாசற்படியில் கால் விரல் இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி. ஒரு வினாடி கழித்து மந்தமாக, ஆழமாக இன்னொரு வலி. இரண்டும் ஒரே அடியில் புறப்பட்டவை. முதலாவது விரைவான இழைகளிலும் இரண்டாவது மெதுவான இழைகளிலும் வந்து சேர்கின்றன.

வெப்பநிலை இன்னொரு சோதனை. செம்பைக் குளிர்வித்தால் மின்தடை குறையும். மின்சாரம் எளிதாகப் பாயும். நரம்பில் நடப்பதோ நேர்மாறு. மனித நரம்பின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் குறைந்தால் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறைகிறது. பனிக்கட்டியைப் பிடித்த விரல் மரத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பல் பிடுங்கும் முன் ஈறில் போடும் மருந்து நரம்பை ஒரு மணி நேரம் ஊமையாக்குகிறது. எந்தச் செப்புக் கம்பியையாவது ஊசி போட்டு மரக்கச் செய்ய முடியுமா?

அப்படியானால் நடப்பது என்ன?

நரம்பில் மின்சாரம் இருக்கிறது. ஆனால் அது கம்பியில் ஓடுவதுபோல இழையின் நீளவாக்கில் மூளையிலிருந்து கால்வரை ஓடுவது இல்லை. இழையின் சவ்வைக் குறுக்காகக் கடந்து, இடத்துக்கு இடம் புதிதாகப் பிறக்கிறது.

செல்லின் உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. வெளியே சோடியம் அயனிகள் மிகுதி. இந்த வேறுபாட்டைக் காத்து நிற்பது சவ்வில் உள்ள ஒரு நுண்ணிய பம்ப். ஒவ்வொரு சுற்றிலும் அது 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957இல் இதனைக் கண்டறிந்த டென்மார்க் அறிஞர் ஸ்கோவுக்கு 40 ஆண்டுகள் கழித்து, 1997இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஓய்வு நிலையில் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். இது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 7 நானோமீட்டர் மட்டுமே. வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு 1 கோடி வோல்ட்! காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். இத்தகைய கடும் மின்புலத்தைத் தாங்கிக் கொண்டுதான் நம் நரம்புகள் 'ஓய்வாக' இருக்கின்றன.

சவ்வில் சோடியத்துக்கென்று வாயில்கள் உண்டு, சாதாரணமாக மூடியிருக்கும். ஓரிடத்தில் மின்னழுத்தம் சற்றே மாறினால் அவை திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, அந்த இடத்தின் உட்புறம் கணநேரம் நேர்மின்னாகிறது. உடனே அந்த வாயில்கள் அடைபடுகின்றன; பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. எல்லாம் ஆயிரத்தில் ஓரிரு வினாடிக்குள். ஆனால் அதற்குள் பக்கத்து இடத்து மின்னழுத்தம் மாறி, அங்குள்ள வாயில்கள் திறந்துவிடுகின்றன. இப்படியே தொடர்கிறது. கணவாய் என்னும் கடல் உயிரியின் தடித்த ஆக்சானில் இதை ஆராய்ந்து 1952இல் கணித வடிவில் எழுதிக் காட்டியவர்கள் ஆங்கிலேயர்களான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1963இல் அவர்களுக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கு உவமை வேண்டுமானால் தீபாவளிச் சரவெடியைச் சொல்லலாம். முதல் வெடியின் தீ அடுத்ததைப் பற்றவைக்கிறது. கடைசி வெடியும் முதல் வெடியின் அதே வலிமையோடு வெடிக்கிறது. பற்றவைத்த தீக்குச்சி பெரியதா சிறியதா என்பது பொருட்டில்லை. வழியில் வலுக்குறையாமல் செய்தி போய்ச் சேர்வதன் இரகசியம் இதுவே. வினையில் இது கம்பியைவிடப் பன்மடங்கு பொருந்தும். இதற்கும் குறை உண்டு: வெடித்த சரம் குப்பைதான், நரம்போ சில மில்லிவினாடியில் மறுபடி வெடிக்கத் தயார். அந்தக் குறையை உவமையோடு சேர்த்தே சொல்லிவிட்டால் கேடில்லை.

உறை போர்த்தும் செல்கள்

மாணவிக்கு நான் சொன்ன 'உறை' என்ற விடை முழுப் பொய்யும் அன்று. பல ஆக்சான்களைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு மிகுந்த உறை உண்டு. ஆனால் அது கம்பிமேல் ஊற்றிய பிளாஸ்டிக் போன்ற உயிரற்ற பூச்சு அன்று. உயிருள்ள வேறு செல்கள், தம் சவ்வையே பாய் சுருட்டுவது போலப் பல சுற்றுகள் ஆக்சான்மேல் சுற்றிப் படைத்தது. உடலின் நரம்புகளில் இவ்வேலையைச் செய்பவை ஷ்வான் செல்கள். மூளையிலும் முதுகுத் தண்டிலும் ஆலிகோடென்ட்ரோசைட் என்னும் செல்கள். ஒரு ஷ்வான் செல் ஓர் ஆக்சானின் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளத்தை மட்டும் போர்த்தும். அடுத்த செல்லுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 1 மைக்ரான் இடைவெளி விடப்பட்டிருக்கும். 1870களில் பிரெஞ்சு அறிஞர் ரான்வியர் கண்ட கணுக்கள் இவையே.

இதன் இயற்பியல் அழகானது. கெல்வின் பிரபு 1850களில் கடலடித் தந்திக் கம்பியை ஆராய்ந்தபோது, நீரில் கிடக்கும் கம்பி ஒரு நீண்ட மின்தேக்கியாகவே நடந்துகொள்ளும் என்றும், அதனால் சைகை தேங்கி மெதுவாகும் என்றும் காட்டினார். 1858இல் அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட முதல் கம்பியில் விக்டோரியா அரசியாரின் 100 சொற்களுக்கும் குறைந்த வாழ்த்துச் செய்தி போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம் ஆயிற்று. சில வாரங்களில் அந்தக் கம்பியே செயலிழந்தது. உப்புநீரில் கிடக்கும் ஆக்சானுக்கும் இதே தொல்லை. தொடரிணைப்பில் பல மின்தேக்கிகளை இணைத்தால் மொத்த மின்தேக்குத்திறன் குறையும் என்று பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறோம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சவ்வைச் சுற்றும் ஷ்வான் செல் செய்வது இதையேதான். மின்தேக்கம் குறைகிறது, கசிவும் குறைகிறது. எனவே கணுவுக்குக் கணு உள்ள அந்த 1 மில்லிமீட்டர் தூரத்தில் சைகை ஏறக்குறையக் கம்பியில் செல்வது போலவே விரைந்து செல்கிறது. கணுவில் சோடியம் வாயில்கள் திறந்து அதற்குப் புத்துயிர் ஊட்டுகின்றன.

பயனை ஓர் ஒப்பீட்டால் காணலாம். அரை மில்லிமீட்டர் தடித்த கணவாய் ஆக்சானுக்கு மயலின் உறை இல்லை. அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 25 மீட்டர். உறையுள்ள தவளை இழை 12 மைக்ரான் தடிமனிலேயே அதே வேகத்தைத் தருகிறது. குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டால் வேறுபாடு 1700 மடங்குக்கும் மேல். உறை மட்டும் இல்லையென்றால், இதே வேகத்துக்கு நம் முதுகுத் தண்டு மரத்தின் அடிமரம்போலத் தடித்திருக்க வேண்டும்!

நிறத்தைப் பற்றி ஒரு சொல் பாக்கி என்றேன். நரம்பு வெண்மையாகத் தெரிவதும், மூளையின் உட்பகுதி 'வெண்பொருள்' எனப்படுவதும் இந்த மயலினால்தான். நரம்பின் உரு என்று நாம் காண்பதே நரம்புச் செல்லின் நிறமன்று. அதன் துணையின் நிறம்.

சாந்தா, சகாவா?

இரண்டாவது உவமைக்கு வருவோம். 1850களில் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ, மூளையில் நரம்புச் செல்களுக்கு இடையே நிறைந்துள்ள பொருளை ஒட்டுப்பசை என்று கருதி நியூரோகிளியா என்று பெயரிட்டார். கிளியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்றே பொருள். அன்றைய நுண்ணோக்கியில் தெரிந்ததற்கு அது தகுந்த பெயர்தான். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது; உண்மையில் பசைபோல ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர் ஒன்றே என்று சொல்லத் தோன்றுகிறது. ஸ்பெயின் அறிஞர் ரியோ-ஒர்த்தேகா 1919இலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் இந்தப் 'பசை'க்குள் மைக்ரோகிளியா, ஆலிகோடென்ட்ரோசைட் என்னும் தனித்தனி வகைச் செல்களைப் பிரித்துக் காட்டிய பின்னும் சாந்து உவமை மறையவில்லை.

இவை செய்யும் வேலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு துடிப்பின்போதும் நரம்புச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது என்றோமல்லவா? அது வெளியே தேங்கினால் பக்கத்துச் செல்கள் காரணமின்றித் துடிக்கத் தொடங்கும். விண்மீன் வடிவமுள்ள ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதை உறிஞ்சி அகற்றுகின்றன. ஒரு நரம்புச் செல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 20 நானோமீட்டர் இடைவெளி உண்டு. பெரும்பாலும் அங்கே செய்தி வேதிப்பொருளாகத்தான் கடக்கிறது. மூளையில் அவ்வாறு சிந்தும் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளை உடனுக்குடன் துடைத்தெடுப்பதும் ஆஸ்ட்ரோசைட்டுகளே. அது மிகுதியாகத் தேங்கினால் நரம்புச் செல்களுக்கே நஞ்சு. இரத்தக் குழாயைத் தழுவி நின்று, உழைக்கும் பகுதிக்கு இரத்தம் கூடுதலாக வர உதவுவதும் இவையே. மைக்ரோகிளியா காவலாளியும் துப்புரவாளருமாகச் செயல்பட்டு, நோய்க்கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்குகின்றன. வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளைக் கத்தரிக்கவும் செய்கின்றன. எந்தச் சுவரில் எந்தச் சாந்து இத்தனை வேலை செய்யும்?

உவமையைப் போலவே ஓர் எண்ணும் ஆராயாமல் கைமாறி வந்தது. மூளையில் கிளியல் செல்கள் நரம்புச் செல்களைவிட 10 மடங்கு என்று நெடுங்காலம் நூல்கள் எழுதின. நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிரேசில் நாட்டு அறிஞர் சுசானா ஹெர்குலானோ-ஹூசலும் உடன் பணியாற்றியோரும் மூளைத் திசுவைக் கரைசலாக்கி, அதில் மிதக்கும் செல் உட்கருக்களைச் சாயமிட்டு எண்ணினார்கள். 2009இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு: மனித மூளையில் நரம்புச் செல்கள் ஏறக்குறைய 8,600 கோடி, மற்றச் செல்களும் ஏறக்குறைய அதே அளவு. பத்துக்கு ஒன்று அன்று, ஒன்றுக்கு ஒன்று! மூளையின் எல்லாப் பகுதியிலும் இந்த விகிதம் ஒன்றே என்பது இல்லை. பெருமூளைப் புறணியில் கிளியா மிகுதி. சிறுமூளையில் நரம்புச் செல்கள் மிகுதி.

உவமை பிழைத்தால் என்ன கேடு?

"ஓர் உவமை சற்றுப் பிழையாக இருந்தால் என்ன? தேர்வில் மதிப்பெண் கிடைத்தால் போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பாவுக்குப் பாதத்தில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி தொடங்கியது. இரண்டு நாளில் எழுந்து நிற்க முடியவில்லை. நான்காம் நாள் கையும் தளர்ந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டு, "நீ படிச்சவனாச்சே, இவருக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார். நான் படித்தவனாக விடை சொன்னேன்: "நரம்பு கரண்டுக் கம்பி மாதிரி சித்தி. அது கெட்டுப் போச்சு." அறுந்த கம்பியை யாரால் ஒட்டவைக்க முடியும்? அன்று இரவு முழுதும் சித்தி அழுதார். மறுநாள் காலையில் உறவினர்கள், "கம்பியே போன பிறகு இங்கே வைத்துப் பணத்தைக் கரைப்பானேன்? வீட்டுக்கே கொண்டு போய்விடலாம்" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்களைத் தடுத்தவர் ஓர் இளம் மருத்துவர். "இது கில்லன்-பாரே நோய். இவருடைய நரம்பிழை அறவில்லை. அதன்மேல் உள்ள உறைதான் சிதைந்திருக்கிறது. உடலின் தற்காப்புச் சக்தியே தவறுதலாக அதைத் தாக்கிவிட்டது. உறை போடும் செல்கள் உயிரோடு இருக்கின்றன; மறுபடி போடும். மூச்சு நிற்காமல் பார்த்துக் கொள்வதும் தாக்குதலைத் தணிப்பதும்தான் இப்போது எங்கள் வேலை" என்றார். மூன்று மாதத்தில் சித்தப்பா கோலூன்றி நடந்தார். இன்று தாமே வயலுக்குப் போய் மடை திறக்கிறார். இந்நோயில் இழையே சிதையும் வகையும் உண்டு. அதில் நலம் பெறுவது தாமதமாகும், எஞ்சும் குறையும் மிகும். ஆயினும் தக்க சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர் மீண்டும் நடக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு நான் வகுப்பில் அதே கம்பி உவமையைச் சொன்னேன் என்றால், அதன் பிடி எவ்வளவு வலியது என்று எண்ணிப் பாருங்கள்!

தொழுநோயும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1873இல் நார்வேயின் ஹான்சன் கண்ட அக்கிருமி, உடலின் குளிர்ந்த பகுதிகளில், தோலுக்கு அருகிலுள்ள நரம்புகளில் ஷ்வான் செல்களுக்குள் புகுந்து குடியேறுகிறது. காப்பவர் கெட்டதும் நரம்பு கெடுகிறது. வலி உணர்ச்சி போகிறது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூடுபட்டும் வெட்டுப்பட்டும் புண்ணாகியுமே தேய்கின்றன என்று எடுத்துக் காட்டினார். 'சதை அழுகும் சாபம்' என்று மக்கள் ஒதுக்கிய நோயின் ஊனம், பெரிதும் உணர்ச்சி இழந்த கையையும் காலையும் காக்கத் தவறியதன் விளைவு. கூட்டு மருந்துச் சிகிச்சை 1982இல் உலக சுகாதார நிறுவனத்தால் பரிந்துரைக்கப்பட்ட பின், தொழுநோய் முற்றும் குணப்படுத்தக் கூடியதாகிவிட்டது. தொடக்கத்திலேயே வந்தால் நரம்பும் பிழைக்கும்.

கடைசியாக ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். கையில் அறுபட்ட ஆக்சான், ஷ்வான் செல்களின் துணையோடு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரக்கூடியது. முதுகுத் தண்டில் அறுபட்டால் பெரும்பாலும் வளர்வதில்லை. குறை ஆக்சானிலா, அதன் சூழலிலா? 1981இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் டேவிடும் அகுவாயோவும் எலியின் கால் நரம்பின் ஒரு துண்டைப் பாலம்போல மூளைத்தண்டுக்கும் முதுகுத் தண்டுக்கும் இடையே இணைத்தார்கள். மைய நரம்பு மண்டலத்து ஆக்சான்கள் அந்தப் பாலத்துக்குள் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வளர்ந்தன! அதே செல், துணை மாறியது, விதியும் மாறியது. இதைக் கம்பி உவமையால் விளக்க முடியுமா? சாந்து உவமையால்தான் முடியுமா?

துணை என்னும் சொல்

உவமையே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. உவமை இல்லாமல் ஆசிரியன் வகுப்பில் பத்து நிமிடம் பேச முடியாது. நான் வேண்டுவது இரண்டே. முதலாவது, உவமை எங்கே பொருந்துகிறது என்று சொல்லும் அதே மூச்சில் எங்கே முறிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, கிளியல் செல்களைப் பசை, சாந்து, தாங்கு செல் என்று குறிக்கும் வழக்கத்தை விட்டுத் துணைச் செல்கள் என்று அழைக்கலாம். துணை என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. துணைப்பாடம், துணைத்தேர்வு என்னும்போது அது இரண்டாம் தரம். வாழ்க்கைத் துணை, வழித்துணை என்னும்போது அது சமம். நரம்புச் செல்லின் துணை இரண்டாவது வகை.

மறுவாரம் அதே வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டு, சரவெடியையும் கடைமடை வாய்க்காலையும் வைத்துப் பாடத்தை மறுபடி நடத்தினேன். கேள்வி கேட்ட மாணவி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். முடிவில் எழுந்து, "சார், சரவெடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத்தான் போகும். நடுவில் பற்றவைத்தால் இரண்டு பக்கமும் போகுமே. நரம்பும் அப்படியா?" என்றார்.

ஆம், அப்படித்தான். ஆக்சானின் நடுவில் தூண்டினால் துடிப்பு இரு திசையிலும் செல்லும். சோதனைச் சாலையில் அதைக் காட்டியும் இருக்கிறார்கள். உடலில் துடிப்பு ஒரு முனையில் தொடங்குவதாலும், துடித்த இடம் சிறிது நேரம் மறுபடி துடிக்காததாலும்தான் அது முன்னோக்கி மட்டும் போகிறது. இந்த முறை விடை என் கையில் இருந்தது.

அந்த மாணவிக்கு இயற்பியல் துணைப்பாடம்தான். எந்தப் பொருளில் துணை என்பதை இப்போது நான் சொல்ல வேண்டியதில்லை.